காண்பதும் காட்டப்படுவதும்

'காண்' என்பது தன்வினை. 'காட்டு' என்பது அதன் பிறவினை. உண்பவனுக்கு ஊட்டுபவன் ஒருவன் இருத்தல் போலக் காண்பவனுக்குக் காட்டுபவன் ஒருவன் உண்டு என்பதை நம் மொழியின் இலக்கணமே குறித்து வைத்திருக்கிறது. ஊட்டுபவனின் கை நம் கண்ணுக்குத் தெரியும். எந்தக் கவளத்தை எடுத்தான், எதைத் தட்டிலேயே விட்டான் என்பதும் தெரியும். தொலைக்காட்சியிலும் திரைப்படத்திலும் காட்டுபவனின் கை தெரிவதில்லை. ஆகவே காட்டப்பட்டதனை நாமே கண்டதாகக் கருதிக்கொள்கிறோம். "என் கண்ணால் பார்த்தேன் சார்" என்று உறுதியாகச் சொல்லும் மாணவனிடம் எங்கே பார்த்தாய் என்று வினவினால், "டி.வி.யில" என்கிறான். அவனுக்கு இரண்டும் ஒன்றே. மாணவனை மட்டும் குறை கூறுவானேன்? ஆசிரியர் அறையிலும் நிலைமை இதுவே.

காட்சி ஊடகங்கள் பொய் சொல்கின்றன என்று சாடும் கட்டுரைகள் பல வந்துள்ளன. நாம் ஈண்டு சொல்லப்புகுவது வேறு. பொய்ப்படத்தைப் பொய்யென்று என்றேனும் ஒருவர் மெய்ப்பித்துவிடக்கூடும். மெய்யான படத்தை என்ன செய்வது? எதைக் காட்டுவது, எதை விடுவது, எதை எத்தனை முறை காட்டுவது, எதன்பின் எதைக் காட்டுவது என்னும் தேர்வுகளால், ஒரு சொல்கூடப் பொய் கலவாமலேயே, நம் அறிவு ஒரு பக்கம் சாய்க்கப்படுகிறது. தூத்துக்குடியில் வாழும் நமக்கு இஃது ஏட்டறிவு மட்டும் அன்று.

நம் ஊரின் பெயரோடு ஒட்டிய முத்திலிருந்தே தொடங்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. பரதவரும், கீழக்கரை காயல்பட்டினம் முதலான ஊர்களின் முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கி எடுத்த தொழில் அது. 1955இல் தொடங்கி ஆண்டுதோறும் நடைபெற்ற முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 'அனுபவி ராஜா அனுபவி' என்னும் திரைப்படம் வெளிவந்தது 1967இல். தூத்துக்குடிக்காரராக நாகேஷ் தோன்றி முத்துக்குளித்தலைப் பாடி ஆடும் காட்சி தமிழகம் முழுவதும் புகழ்பெற்றது. தொழில் நின்று ஆறாண்டு கழித்து வந்த படம் அது. ஆயினும் வெளியூர்க்காரர் பலர்க்கு இன்றும் தூத்துக்குடி என்றால் அந்த முத்துதான். திருமண வீடுகளில் அயலூர் உறவினர், "உங்க ஊர்ல முத்து மலிவாக் கிடைக்குமே?" என்று நம்மிடம் கேட்டதுண்டு. அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் உப்பளத்தின் கூலியையும் பற்றி எவரும் கேட்டதில்லை. உப்பளம் படம் பிடிக்கப்படாத இடமன்று. வெண்குவியலும் மாலைச் சூரியனும் தலைச்சுமையோடு வரிசையாக நடக்கும் பெண்களும் நாட்காட்டிகளில் எத்தனையோ முறை வந்துவிட்டன. உப்பின் மீது பட்டுத் தெறிக்கும் வெயிலால் அப்பெண்களின் கண்கள் படும் பாடு நாட்காட்டியில் வராது. அந்த ஒளியில்தான் படம் அழகாக விழுகிறது!

மற்றொரு சான்று 'கப்பலோட்டிய தமிழன்'. ம.பொ.சி.யின் நூலைத் தழுவி, பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1961இல் வெளிவந்த அப்படம் தமிழர்க்குச் செய்த தொண்டு பெரிது. மறக்கப்பட்டிருந்த ஒரு தியாகியை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. வ.உ.சி. என்றதும் நம்முள் எழும் உருவம் சிவாஜி கணேசன் செக்கிழுக்கும் உருவமே. அதனைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் செக்கிழுக்கும் தனிமனிதனைப் படம் பிடிக்க இயலும். பங்குப் பத்திரத்தைப் படம் பிடித்து உணர்ச்சி ஊட்டல் எளிதன்று. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். நம் வகுப்பில் ஆண்டுதோறும் இப்பெயர்களைக் கேட்டுப் பார்க்கிறோம். செக்கு எல்லார்க்கும் தெரிகிறது. ஐந்தில் ஒரு பங்கு முதலீடு செய்தவரின் பெயர் ஒருவர்க்கோ இருவர்க்கோ தெரிந்தால் அவ்வாண்டு நல்ல வகுப்பு என்று மகிழ்கிறோம். பல சமயத்தாரும் சாதியாரும் பணம் போட்டு நடத்திய ஒரு கூட்டு முயற்சி, காட்சியின் இயல்பினால் தனிமனிதர் ஒருவரின் துன்பக் கதையாக நம் நினைவில் சுருங்கிவிட்டது. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை என்பதே நாம் கருதிப் பார்க்கத்தக்கது.

திரைப்படம் நடந்து முடிந்ததைக் கதையாக்கிக் காட்டுவது என்று அறிந்தே பார்க்கிறோம். நேரலை அவ்வாறன்று. நிகழும்போதே காட்டுவதால் அங்குத் தேர்வுக்கு இடமில்லை என்று நம்பிவிடுகிறோம். 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போர் இந்நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியது. அப்போது நாம் சிறுவர். குவைத்திலும் சவூதியிலும் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் நம் தெருவில் பல. தொலைக்காட்சி இருந்த வீட்டின் திண்ணை இரவெல்லாம் நிறைந்திருக்கும். குண்டின் மூக்கில் பொருத்திய கருவி எடுத்த படங்களை அமெரிக்கப் படைத்துறை செய்தியாளர்க்கு வழங்கியது. கட்டடம் சிறிதாகத் தெரியும், பெரிதாகும், மேலும் பெரிதாகும், பிறகு திரை வெறுமையாகிவிடும். குண்டு வெடிக்கும் நொடியில் படமெடுக்கும் கருவியும் அழிவதால் அதற்குமேல் படம் இல்லை. கட்டடத்தினுள் இருந்தவர் யாவர் என்பது அப்படத்தில் இருக்கவே முடியாது. அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பாக்தாதின் அமிரிய்யா காப்பிடத்தில் குண்டு விழுந்து 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். நகரில் தங்கியிருந்த வெளிநாட்டுச் செய்தியாளர் நேரில் சென்று படம் எடுத்ததனால் உலகம் அதனை அறிந்தது. ஒரே போர், வானிலிருந்து ஒரு படம், தரையிலிருந்து ஒரு படம்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2018 மே 22, செவ்வாய்க்கிழமை. ரமலான் மாதம். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆம் நாள். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் திரண்டு சென்றனர். நண்பகலில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. நாம் வீட்டில் இருந்தோம். வெளியே போக இயலவில்லை. ஊரில் இருந்தும் ஊரைத் தொலைக்காட்சியில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நோன்பு திறக்கும் வேளைக்குச் சற்று முன்னர் துபாயிலிருந்து சாச்சா மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"காக்கா, ஊரே எரியுதாமே? நீங்கள்லாம் வீட்டுலதானே இருக்கிய?"

ஊர் எரியவில்லை, ஆட்சியர் அலுவலகப் பக்கம் வண்டிகள் எரிகின்றன என்றோம். "இங்க டி.வி.யில ஓடிக்கிட்டே இருக்கு காக்கா" என்றான். எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவன் இரக்கமற்றவன் அல்லன். அவன் பார்த்துக்கொண்டிருந்த திரையில் நெருப்பு இருந்தது, பிணம் இல்லை. ஆகவே நெருப்பைப் பற்றிக் கேட்டான். மறுநாள் சஹர் நேரத்தில் மீண்டும் அழைத்தான். அதற்குள் வேறொரு படம் உலகைச் சுற்றி வந்துவிட்டது. காவல்துறை வாகனத்தின் கூரைமேல் ஏறி நின்று, மஞ்சள் பனியன் அணிந்த ஒருவர் நீண்ட துப்பாக்கியால் குறிபார்க்கும் படம். "குறி பார்த்துல்ல காக்கா சுட்டிருக்கானுவ" என்று அழுதான். இரண்டு அழைப்புகளுக்கும் இடையே ஓர் இரவு. ஊரில் இறந்தவர்கள் முதல் அழைப்பின் போதே இறந்துவிட்டிருந்தனர். மாறியது படம்.

அன்று ஓடிய செய்தி வரிகளையும் தமிழாசிரியர் என்னும் முறையில் கவனித்தோம். 'துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது', 'தூத்துக்குடியில் வன்முறை வெடித்தது' என்பன போன்ற தொடர்களே மிகுதி. முன்னது செயப்பாட்டு வினை. நடத்தியவர் இன்னாரென்று அத்தொடரில் இல்லை. பின்னதில் வன்முறையே எழுவாய். அது தானே வெடித்துக்கொள்கிறது. வாகனத்தின் மேல் நின்றவரின் படம் ஒன்றுதான் அன்றைய செய்திக்கு ஓர் எழுவாய் தந்தது. ஆனால் அப்படத்துக்கும் எல்லை உண்டு. சுட்டவர் தெரிகிறார், சுடச்சொன்னவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். தீ வைக்கப்பட்டதும் கல்லெறியப்பட்டதும் நிகழாதவை அல்ல. ஆனால் எது முன்னர், எது பின்னர் என்பதைப் படங்கள் சொல்லவில்லை. வினைச்சொல் காலம் காட்டும், படம் காட்டாது. காலையில் எடுத்ததும் மாலையில் எடுத்ததும் நள்ளிரவுச் செய்தியில் ஒரே நிகழ்காலமாக ஓடின.

அந்த 100ஆம் நாளுக்கு முன்னர் 99 நாள்கள் இருந்தன. பிப்ரவரியில் அ. குமரெட்டியாபுரத்து மக்கள் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து வேப்பமரத்தடியில் அமர்ந்தனர். மார்ச் 24இல் நகரில் பெருந்திரளாக மக்கள் கூடினர். நாட்டின் பெரிய தொலைக்காட்சிகள் பெரும்பாலும் 100ஆம் நாளில்தான் இங்கு வந்தன. மரத்தடியில் பெண்கள் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பது செய்திப் படத்துக்கு உகந்ததன்று. எரியும் வண்டி உகந்தது. ஆகவே நாட்டின் பிற பகுதியார்க்கு நம் ஊர்ப் போராட்டம் நெருப்பில் தொடங்கியது. 99 நாள் அமைதியை விடுத்து 100ஆம் நாளை மட்டும் காட்டினால், காட்டியவற்றுள் ஒரு படமேனும் பொய்யாக இருக்கவேண்டிய தேவை இல்லை.

போராட்டத்தின் காரணமோ இன்னும் கடினமானது. கந்தக டை ஆக்சைடு நிறமற்ற வாயு. 2013 மார்ச் 23ஆம் நாள் காலையில் நகரில் பலர்க்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, இருமல் வந்தது. அதனை எந்த ஒளிப்படக் கருவி காட்டும்? புகைபோக்கியைக் காட்டலாம், அதிலிருந்து வரும் வெண்மையான ஆவியைக் காட்டலாம். மூச்சில் புகுவதைக் காட்ட இயலாது. நிலத்தடி நீர் கெடுவதும் அத்தகையதே. தொண்ணூறுகளின் நடுப்பகுதி தொட்டு இருபதாண்டுக்கு மேலாக இங்குள்ளோர் சொல்லி வந்தது செவிக்கு உரிய செய்தியாகவே இருந்தது. அது கண்ணுக்கு உரிய செய்தியாக மாறுவதற்கு 13 உயிர்கள் தேவைப்பட்டன. அதே மே 28இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. ஆலையைத் திறக்கக் கோரிய நிறுவனத்தின் மனுவை 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மே 23இல் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த ஆணை பிறந்தது. வதந்தி பரவுவதைத் தடுக்க என்று காரணம் கூறப்பட்டது. வதந்தி ஊறு விளைப்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் விளைந்தது என்ன? ஊர்க்காரர் கையிலிருந்த கைப்பேசிப் படங்கள் கைப்பேசியிலேயே கிடந்தன. அலுவலகமும் வாகனமும் உள்ள நிறுவனங்களின் படங்கள் மட்டும் வெளியேறின. துபாயிலிருந்த தம்பி நம் ஊரைப் பற்றி நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். இணையம் மீளும்வரை எங்கள் தெருவில் பலர், அடுத்த தெருச் செய்தியை வளைகுடாவிலிருந்து அறிந்தனர்.

கடலுக்கு அப்பால் இதனினும் கொடியது நிகழ்ந்தது. 2008 செப்டம்பரில் வன்னியிலிருந்து உதவி நிறுவனங்கள் வெளியேறுமாறு இலங்கை அரசு பணித்தது. சார்பற்ற செய்தியாளர்க்கு அங்கு இடமில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தபோது உலகின் திரைகளில் அதற்குரிய படம் இல்லை. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி 2011 ஜூனில் ஒளிபரப்பிய ஆவணப்படத்தில்தான், கைப்பேசிகளிலும் சிறு கருவிகளிலும் எடுத்த துண்டுப் படங்களை உலகம் பரவலாகக் கண்டது. ஈராண்டுகள் அவை இருந்தன, பரவலாகக் காட்டப்படவில்லை. கடலின் இக்கரையில் உள்ள நாமும் அந்நாள்களில் கிரிக்கெட்டும் தேர்தல் முடிவும் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று.

ஆணையின்றியும் இருள் சூழும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலால் சென்னை நீரில் மிதந்தது. நாள் முழுதும் நேரலை. அதே மாதம் 17, 18ஆம் நாள்களில் நம் மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, சாலை இல்லை. ஆதலால் படமும் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு இரயில் ஏறத்தாழ 800 பயணிகளோடு சிக்கிக்கொண்டது. அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஓர் எண் இருந்தது, மீட்பு என்னும் முடிவு இருந்தது. எனவே அது செய்தியாயிற்று. அப்பயணிகளுக்குச் சோறு சமைத்துக் கொடுத்த அக்கம்பக்கத்து ஊரார் தாமும் வெள்ளத்தில் இருந்தவர்களே.

துப்பாக்கிச் சூட்டுக்குத் திரும்புவோம். ஓராண்டு, வகுப்பில் இதழியல் பாடத்தின்போது அந்நாளைய செய்திப் படங்கள் சிலவற்றை ஓசையின்றிக் காட்டினோம். பார்த்ததை எழுதுங்கள் என்றோம். பலரும் கூட்டம், நெருப்பு, காவலர், ஓட்டம் என்று எழுதினர். ஒரு மாணவன் தாளில் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்றதற்கு, "சார், இதுல எங்க தெரு வரவே இல்லையே" என்றான். அவன் திரேஸ்புரத்தைச் சேர்ந்தவன். அன்று இறந்தவர்களுள் ஒரு தாய், ஆட்சியர் அலுவலகத்திலிருந்து பல கிலோமீட்டருக்கு அப்பால், மீனவர் குடியிருப்பாகிய திரேஸ்புரத்தில் சுடப்பட்டவர். மறுநாள் அண்ணா நகரில் ஓர் இளைஞர் சுடப்பட்டு இறந்தார். நாம் தேடி எடுத்த படங்கள் அனைத்தும் ஆட்சியர் அலுவலக வளாகத்தவை. செய்தியாளர் கருவிகளோடு அங்கே குவிந்திருந்தனர். ஆகவே நிகழ்ச்சியும் அங்கே மட்டும் நிகழ்ந்ததாயிற்று. ஆட்சியர் அலுவலகத்தைத் தாக்க வந்தார்கள், ஆகவே சுட்டார்கள் என்று விளக்கம் கூறுவோர், திரேஸ்புரத்துக்கு என்ன விளக்கம் கூறுவர்? அவ்வினாவே எழாதபடி அப்படங்கள் தெரிவு பெற்றிருந்தன. தெரிந்தெடுத்தவர்களுள் நாமும் ஒருவர். உள்ளூரிலேயே வாழ்ந்தும், கையில் கிடைத்த படங்களே நிகழ்ச்சி என்று கொண்டு வகுப்பறைக்குள் கொண்டுவந்தோம். அன்று அம்மாணவன் முன் நாம் வெட்கியது உண்மை.

இதில் மற்றொரு செய்தியும் உண்டு. துப்பாக்கிச் சூட்டினை மற்றவர்களைப் போலத் தாமும் தொலைக்காட்சியைப் பார்த்தே அறிந்ததாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூறினார். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபர் 18இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. தலைமைச் செயலர், காவல்துறைத் தலைவர், உளவுத்துறைத் தலைவர் ஆகியோர் உடனுக்குடன் அவருக்குச் செய்தி தெரிவித்து வந்தனர் என்றும், அக்கூற்று சரியன்று என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. அரசியல் வழக்காடுதல் நம் நோக்கமன்று. ஒரு மாநிலத்தின் தலைமைப் பொறுப்பில் உள்ளவரும் 'நான் வெறும் பார்வையாளன்' என்று சொல்லித் தப்பலாம் என்னும் அளவுக்குத் தொலைக்காட்சி வளர்ந்துவிட்டது. பார்வையாளனுக்குப் பொறுப்பு இல்லை அல்லவா? நாமும் அந்நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறோம்.

அவ்வறிக்கை சொன்ன பிறவும் எண்ணத்தக்கவை. சுடுவதற்குத் தக்க காரணம் இருந்ததாகக் காட்டச் சான்றில்லை என்றது. கலைந்து ஓடியவர்கள் மீது மறைவிடங்களிலிருந்து சுடப்பட்டது என்றது. காவல்துறையினர் 17 பேர் மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர் முதலானோர் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. படத்தில் இல்லாத முன்பின் வரிசையும், சட்டத்துக்கு வெளியே நின்றவர்களும் எழுத்தில் வந்தனர். நான்காண்டுக்கு மேல் ஆயிற்று. எரியும் வண்டியை 100 முறை காட்டிய திரைகள் இவ்வறிக்கையை ஒரு மாலைப்பொழுது விவாதத்தோடு முடித்துக்கொண்டன. பக்கங்களைப் படமாகக் காட்ட வழியில்லை என்பது ஒரு காரணம். நாம் கேட்கவில்லை என்பது மற்றொன்று.

இந்நிலையில் தமிழ்த்துறை என்ன செய்ய இயலும் என்று நண்பர்கள் வினவுவர். நம்மிடம் கருவி இல்லாமல் இல்லை. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் என்பன உள்ளன. அகப்பாடல் ஒன்றை எடுத்தவுடன் இது யார் கூற்று, யார் கேட்கக் கூறியது, எங்கே, எப்போது என்று நம் மாணவர் பழகிய பழக்கத்தால் கேட்கின்றனர். தோழி கூற்றைத் தலைவி கூற்றாக எழுதினால் மதிப்பெண் குறைக்கிறோம். அதே மாணவர் மாலையில் ஒரு செய்திப் படத்தைப் பார்க்கும்போது இவ்வினாக்களுள் ஒன்றையும் கேட்பதில்லை. கேட்கலாம் என்று நாம் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. கருவியைப் பிடித்தவர் காவலர் பக்கம் நின்றாரா, கூட்டத்தின் பக்கம் நின்றாரா? அது கூற்று. யாருக்காக எடுக்கப்பட்டது? கேட்போர். சட்டத்தின் நான்கு ஓரங்களுக்கு வெளியே என்ன இருந்தது? அதுவே எச்சம். எச்சத்தை உய்த்துணராமல் சங்கப் பாடலுக்குப் பொருள் காண இயலாது என்று முப்பது மாணவர் முன் நின்று சொல்லும் நாம், திரேஸ்புரம் என்னும் எச்சத்தைத் தவறவிட்டோம்.

ஆகவே நடப்பாண்டு முதல் இதழியல் தாளில் இதனைப் பயிற்சியாகச் சேர்த்துள்ளோம். மாணவர் இருவர் இருவராக ஒரு நாளின் செய்தியறிக்கையைப் பார்த்து, காட்டப்பட்டவற்றை ஒரு பக்கமும், அந்நிகழ்ச்சி தொடர்பாகக் காட்டப்படாதவை என்று தாம் நேரில் விசாரித்து அறிந்தவற்றை மறு பக்கமும் எழுதவேண்டும். நேரில் விசாரித்தல் கட்டாயம். இணையத்தில் எடுத்தெழுதினால் மதிப்பெண் இல்லை. திரேஸ்புரம், குமரெட்டியாபுரம், முத்தையாபுரம் உப்பளம், காயல்பட்டினம் ஆகிய இடங்களுக்கு முதற்குழுக்கள் சென்று வந்துள்ளன. உப்பளத்துக்குச் சென்ற மாணவியர் படம் எடுத்து வரவில்லை. தொழிலாளர் வேண்டாம் என்றனராம். "எங்கள எடுத்து எடுத்துத்தான் போட்டாச்சே தாயி, உக்காந்து நாங்க சொல்றத எழுதிக்க" என்று ஒரு மூதாட்டி கூறியதை முதல் வரியாக வைத்து ஏழு பக்கம் எழுதி வந்தனர். இம்மலரில் இடம் போதாமையால் அதனைச் சேர்க்க இயலவில்லை. துறைக் கையெழுத்து இதழில் வருகிறது.

ஆணையத்தின் அறிக்கைப் படி ஒன்று துறை நூலகத்துக்கு வேண்டுமென்று விண்ணப்பம் அளித்திருக்கிறோம். வந்ததும், திரேஸ்புரம் பற்றிய பகுதியை அம்மாணவனின் இளையவர்கள் இருக்கும் வகுப்பில் முதலில் படிப்பதாக உள்ளோம்.